கறுப்பன் அசையாமல் கிடந்த இருபது நிமிடம்

நாய் யாருக்குச் சொந்தம்? குட்டியில் தூக்கி வளர்த்தவருக்கா, விட்டுப்போன பிறகு எடுத்து வளர்த்தவருக்கா? கீரி என்ற கடலோர ஊரில் இருக்கும் மதலேனா என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவருடைய கதையைச் சொல்கிறேன், நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

மதலேனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் பஸ்ரியன் கடலுக்குப் போவார். மதலேனா மீனை வெட்டி உப்பிட்டுக் கருவாடு போடுவார். 2007இல் சண்டைக்குப் பயந்து இருவரும் மகளோடு படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். மகள் ஆசையாகத் தூக்கி வந்து வளர்த்த றெக்ஸ் என்ற கறுப்பு நாய்க்குப் படகில் இடமில்லை என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். நாலு வருடம் அகதி முகாமில் போனது. மகள் அங்கேயே கல்யாணம் கட்டி நின்றுவிட்டாள். புருசனும் பெண்சாதியும் மட்டும் 2011இல் திரும்பி வந்து, கூரை போன வீட்டுக்குத் தகரம் போட்டுக் குடியிருந்தார்கள். மகள் தொலைபேசியில் முதலில் கேட்டது, "அம்மா, றெக்ஸ் இருக்கா?" என்றுதான்.

இருந்தது. ஆனால் கீரியில் இல்லை. அடம்பன் என்ற வயல் ஊரிலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, கீரியில் ஒரு கொட்டிலில் இருந்த சிவலட்சுமி என்ற பெண் அதை எடுத்து வளர்த்திருந்தார். அடம்பனில் மீளக்குடியேற விட்டபோது, சட்டி பானையோடு நாயையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மதலேனா மறுநாளே பஸ் ஏறினார். அத்தாட்சிக்கு மகளும் நாயும் நிற்கும் படத்தைக் கொண்டு போனார். அதைக் காட்டத் தேவையே வரவில்லை. வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த சிவலட்சுமி, "உங்கட நாய் எண்டா கொண்டு போங்கோ" என்றார். சண்டை பிடிக்கத் தயாராகப் போன மதலேனாவுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, "றெக்ஸ்" என்று கூப்பிட்டால் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. அங்கே அதற்குக் கறுப்பன் என்று பெயர்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் எரிச்சல் தீரவில்லை. நாய் நாள் முழுக்க வாசல் படலையடியில் றோட்டைப் பார்த்தபடி கிடக்கும். மீன்கார வீட்டில் இருந்துகொண்டு மீனை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போகும். தயிர்ச்சோறு தின்று பழகியிருந்தது. மூன்றாம் நாள் மதலேனா ஒருவருக்கும் தெரியாமல் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினார். பஸ்ரியன் கண்டுவிட்டார்.

"இதென்ன, அடம்பன் மருமகன் வந்திருக்கிறாரோ?"

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

2013இல் ஒரு காலையில் நாயின் பின்கால்கள் விழுந்துவிட்டன. முன்கால்களால் உடம்பை மணலில் இழுத்து இழுத்துப் படலையடிக்குத்தான் அது போனது. டவுனிலிருந்து கிருஷிகா என்ற மிருக வைத்தியர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து பார்த்தார். முள்ளந்தண்டில் நரம்பு நெரிபட்டிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். ஒத்தடம் பிடிக்கவும், காலை நீவிவிடவும், வயிற்றுக்கடியில் துவாயைக் கொடுத்துத் தூக்கி நடத்தவும் காட்டிக் கொடுத்தார். கடைசியில், மயிர் போல மெல்லிய ஊசிகளை வெளியே எடுத்தார்.

"அதுக்குள்ள என்ன மருந்து, பிள்ளை?" பஸ்ரியன் கேட்டார்.

"மருந்து இல்லை ஐயா, வெறும் ஊசிதான். அக்குபங்சர் எண்டு சொல்றது. மாத்திரையோட சேத்துச் செய்தா சில நாயளுக்கு நல்லாக் கேக்குது. எதால சுகம் வந்தது எண்டு மட்டும் பிறகு கேக்காதேங்கோ, எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனா ஊசி நிக்கிற இருபது நிமிசமும் இது அசையக்கூடாது. ஆருக்குப் பக்கத்தில பயமில்லாமப் படுக்கும்?"

"எனக்குப் பக்கத்திலதான்." பஸ்ரியன் வாய் திறக்க முதலே மதலேனா சொல்லிவிட்டார்.

நாயின் தலையை மடியில் வைத்துப் பிடித்தார். மூன்றாவது ஊசியிலேயே அது உடம்பை உதறியது. ஊசிகள் மணலில் விழுந்தன. அடுத்த வியாழக்கிழமையும் அதே கூத்துத்தான். ஓர் ஊசி வளைந்தும் போனது. கிருஷிகா பின்கால் விரலை இறுக்கிக் கிள்ளினார். நாய் மெதுவாகத்தான் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, இதுக்கு நோவு தெரியிறது குறைஞ்சுகொண்டு போகுது. முழுக்கப் போயிட்டுதெண்டா பிறகு நான் வந்தும் பிரயோசனமில்லை. பிடிக்கிறதுக்கு வேற ஆரும் இருக்கினமோ?"

மதலேனா நிலத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லை."

டொக்டரின் ஸ்கூட்டர் மறைந்ததும், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியன் தலை நிமிராமலே சொன்னார். "அடம்பனுக்கு ஒரு கோல் எடு."

"அவளின்ர பேரை இந்த வீட்டில எடுக்கக்கூடாது."

"நான் எங்க எடுத்தனான்? நாய்தான் ரெண்டு வருசமா எடுத்துக்கொண்டு கிடக்குது."

மதலேனா விருட்டென்று எழும்பிப் போய் மீனுக்கு உப்புப் பூசத் தொடங்கினார். மகளை அங்கே விட்டுவிட்டு வந்தாயிற்று. இப்போது அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுகிறவள் அவளுடைய மாமியார். இந்த நாயாவது முழுசாகத் தனக்கென்று இருக்கக்கூடாதா? அந்த நேரம் றோட்டில் ஒரு பஸ்ஸின் ஹோன் கேட்டது. நாய் தலையைத் தூக்கியது. இழுபட்டு இழுபட்டு அதன் முழங்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. மதலேனா கையிலிருந்த உப்பைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார்.

"நான் கீரி மதலேனா கதைக்கிறன். நாய்க்கு ஏலாது."

"எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று மட்டும் சிவலட்சுமி கேட்டார்.

வியாழக்கிழமை பஸ்ஸும் ஓட்டோவும் மாறி, கையில் ஒரு சட்டி தயிரோடு வந்து இறங்கினார். "டேய் கறுப்பா!" என்ற ஒரு சத்தம்தான். இரண்டு கிழமையாக ஆடாமல் கிடந்த வாலின் நுனி மணலைத் தட்டியது. மதலேனா குசினிக்குள் போய், வெட்டி முடித்த மீனை மறுபடியும் வெட்டினார். காது மட்டும் வெளியே இருந்தது.

சிவலட்சுமி நாயின் காதைத் தடவிக்கொண்டு ஊர்ப்புதினம் சொல்லிக்கொண்டிருந்தார். "வாய்க்கால் வரம்பு உடைஞ்சு போச்சடா. எங்கட பசு சிவப்பி கண்டு போட்டிட்டாள், நாம்பன் கண்டு. உன்ர சாக்கில இப்ப பூனை படுக்குது. அதின்ர திமிரை நீ வந்து பாக்கவேணும்."

மதலேனா எட்டிப் பார்த்தார். பத்து ஊசிகள் முதுகில் நேராக நின்றன. நாய் குறட்டை விட்டது. அதற்கு மேல் அவரால் உள்ளே நிற்க முடியவில்லை.

"உங்களுக்கு மட்டும் என்னெண்டு இப்பிடிப் படுக்குது?"

சிவலட்சுமி நாயின் மேலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "நீங்கள் படகேறின பிறகு இது மூண்டு நாள் தண்ணிக்கரையில கிடந்தது. சோறு வைச்சாலும் தொடேல்ல. பக்கத்தில இருந்து வாயில வந்ததெல்லாம் கதைச்சனான். கடலைப் பாத்துக்கொண்டிருந்த முகத்தை என்ர பக்கம் திருப்ப ஒரு மாதம் எடுத்தது." மதலேனாவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு உங்களில சரியான எரிச்சல். நீங்கள் ஆரெண்டே தெரியாது. ஆனாலும் எரிச்சல்."

மதலேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அப்ப நான் கொண்டு போகேக்க ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"வாயைத் திறந்தா அழுதிருப்பன். வயலுக்க ஆக்கள் நிண்டவை."

ஏழு வியாழக்கிழமை சிவலட்சுமி வந்தார். இடைப்பட்ட நாட்களில் ஒத்தடம் பிடித்ததும், காலை நீவியதும், துவாயில் தூக்கி நடத்தியதும் மதலேனாதான். ஏழாம் வியாழன் துவாய் இல்லாமலே நாய் எழும்பி நின்றது. ஆடி ஆடி நாலு அடி வைத்தது. நாலும் சிவலட்சுமியிடம்தான். மதலேனாவுக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வதில்லை.

சிவலட்சுமி கிணற்றடிக்குப் போனபோது கிருஷிகா சொன்னார். "இனி மாதத்தில ஒருக்கால் காணும் அம்மா. பழகியிட்டுது, நீங்களே பிடிக்கலாம். அவவை அலைக்கழிக்கத் தேவையில்லை."

இந்தச் சொல்லுக்குத்தான் மதலேனா இவ்வளவு நாளும் காத்திருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த சிவலட்சுமி தன் பையை எடுத்தார். "டொக்டர் என்ன சொன்னவ?"

பை அசைந்ததைக் கண்டதும் நாய் எழும்பியது. படலையைப் பார்த்தது. பிறகு மதலேனாவைப் பார்த்தது.

"அடுத்த வியாழனும் கட்டாயம் வரட்டாம், அக்கா" என்றார் மதலேனா. அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தயிரும் கொண்டு வாங்கோ. இஞ்ச வாங்கிறதை அவ்வளவா விரும்புதில்லை."

உங்கள் அயலில் எந்த நாயாவது பின்கால் இழுபட்டுக் கிடந்தால், அந்த வீட்டுக்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அது யாருக்குப் பக்கத்தில் பயமில்லாமல் படுக்கும் என்று கேளுங்கள். அந்த ஆளோடு கதை பேச்சு இல்லாவிட்டாலும் ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் இதை இன்னொரு வீட்டுக்குச் சொல்லட்டும்.