ஒற்றைப் பச்சை இதழ்

கொரியாவின் தோங்யொங் துறைமுகப் பக்கம் பான்சுல் நடந்து வந்தால், அவருக்கு முன்னால் அவருடைய தும்மல் வந்து சேரும். முப்பது வருடமாகச் சிப்பி அரைக்கிற மனிதர். புருவம், காதுமடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளைத் தூள். குளித்துவிட்டு வந்தாலும் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரிதான் இருப்பார். கடலில் முங்கும் பெண்கள் கொண்டுவரும் காதுச்சிப்பியை வாங்கி, மேலே இருக்கும் சொரசொரப்பைச் சக்கரத்தில் தேய்த்துத் தள்ளி, உள்ளே மின்னுவதை மட்டும் மெல்லிய தகடாக எடுத்துக் கொடுப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்தத் தகட்டை வெட்டி, பூவும் கொடியும் கொக்குமாக அரக்குப் பெட்டியில் பதிக்கிறவனுக்குத்தான் பேர். பெட்டியின் அடியில் இருக்கும் முத்திரையும் அவனுடையதுதான்.

அந்த 'அவன்' வேறு யாராவதாக இருந்திருந்தால் பான்சுல் பொறுத்துக்கொண்டிருப்பார். தல்சுவாக இருந்து தொலைத்தானே! மனைவி ஒக்பூனின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கும் பான்சுலுக்கும் ஒரே வயது. ஒரே பட்டறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அன்றைக்கு முதலாளி இருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தல்சுவிடம், "நீ ரம்பம் பிடி" என்றார். பான்சுலிடம், "உனக்குக் கை கனம்ப்பா, சக்கரத்துக்குப் போ" என்றார். அந்தப் பேச்சு இன்னும் பான்சுலுக்குச் செரிக்கவில்லை.

காதுச்சிப்பித் தகட்டுக்குத் தலை, கால் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தலை வைத்துப் பதித்தால்தான் மொத்தப் பூவும் ஒன்றாக நிறம் மாறும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால், மற்றவை சிவக்கும்போது அது மட்டும் பச்சையாக முறைக்கும். அதனால் அரைக்கிறவர்தான் தலை பார்த்து அடுக்கி, நூல் கட்டிக் கொடுக்க வேண்டும். ஊரில் மற்றப் பதிப்புக்காரர்கள் கட்டைப் பிரித்து, ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து, நாலு சண்டை போட்ட பிறகுதான் வாங்குவார்கள். தல்சு அப்படியில்லை. கட்டைக் கையில் வாங்குவான், அப்படியே அலமாரியில் வைப்பான். வேலை நேரத்தில் நூலை இழுத்து, தகட்டின் முகத்தில் வரைந்த காகிதத்தை ஒட்டி அறுக்க ஆரம்பித்துவிடுவான்.

"துரைக்கு நம்ம சரக்கைப் பிரிச்சுப் பாக்கக்கூட மனசு வராது" என்று பான்சுல் வீட்டில் வந்து பொருமுவார்.

"பிரிச்சாலும் குத்தம், பிரிக்கலைனாலும் குத்தமா? அவன் மூச்சு விட்டாலே உங்களுக்கு வயிறு எரியுது" என்பாள் ஒக்பூன்.

எரிந்தது உண்மைதான்.

அந்த வருடம் இளவேனிலில் ஹோ வீட்டு அம்மாள் ஒரு சீப்புப் பெட்டியைத் தல்சுவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இருநூறு வருடப் பழசு. மூடியில் எட்டு இதழ்ப் பெரிய பூ ஒன்று. அதில் மூன்று இதழ் விழுந்து, வெறும் கறுப்பு அரக்குதான் தெரிந்தது. இப்போதைய தகடு அதற்குப் பொருந்தாது. பழைய காலத்துச் சிப்பி கனமானது, அதன் ஒளியும் கொஞ்சம் அடங்கினாற்போல இருக்கும். பான்சுல் ஒரு மாதம் தீவு தீவாக அலைந்து, ஒரு முங்குகாரியின் வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த பழைய பெரிய சிப்பியோட்டைக் கண்டுபிடித்தார். அதைச் சக்கரத்தில் விடாமல், கல்லில் வைத்துக் கையாலேயே பதினோரு நாள் தேய்த்தார். மூன்று தகடு தேறியது. பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருக்கே எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தெரியும்.

தகடுகளைக் கொடுக்கப் போன அன்று பட்டறையில் புசானிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருந்தார். தல்சுவை ஜன்னலோரம் உட்காரவைத்து, முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பான்சுல் கட்டோடு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

பெரியவராம்! தல்சுவுக்கும் அவருக்கும் அதே ஐம்பத்திரண்டுதான். தள்ளி நின்றார். கதவுக்கு வெளியே வரைக்கும் தள்ளிப் போனார். அங்கே வைத்துத்தான் நூலை அவிழ்த்தார். நடுவிலிருந்த தகட்டை எடுத்து, தலை இருந்த பக்கம் கால் வரும்படி திருப்பி வைத்து, மறுபடியும் கட்டினார். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கனமான கைதானே.

உள்ளே போய் நீட்டினார். தல்சு வழக்கம்போலப் பார்க்காமல் வாங்கி அலமாரியில் வைத்தான். "ஒரு வாய் கள் குடிச்சுட்டுப் போங்க மச்சான், பத்திரிகைக்காரர் வாங்கிட்டு வந்தது."

"எனக்கு எதுக்கு மாப்ளே? வெளிச்சத்தை மறைச்சிடுவேன்."

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்த படத்தை ஒக்பூன் வெட்டி, பான்சுலின் வீட்டிலேயே, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே ஒட்டினாள். கிண்ணச் சோற்றுக்கு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய், தொட்டுக்கொள்ள மச்சினன் முகம். பான்சுல் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது. இன்னும் இருபது நாள்தான். பெட்டி திரும்பும், அம்மாள் பார்ப்பார், பத்திரிகையில் வந்த கைக்கு ஒரு பூவைக்கூட ஒழுங்காகப் பதிக்கத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும்.

பதித்து, மேலே அரக்குப் பூசி, கரியால் தேய்த்து மெருகேற்றியாயிற்று. வேலை செய்கிறவன் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தால் பூ முழுக்க ஒரே நிறம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால்தான் வேறுபாடு தெரியும். பெட்டியை ஒப்படைக்கும் நாளில் பான்சுல் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

ஹோ வீட்டு அம்மாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். மூடியை மெல்லச் சாய்த்தார். ஏழு இதழ் சிவந்தது. ஒன்று பச்சையாக நின்றது.

தல்சு எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததைப் பான்சுல் கண்ணாரக் கண்டார்.

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "ஐயோ, இது எப்படிங்க உங்களுக்குத் தெரிஞ்சுது? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதுசுல மாமியார் இதைத்தான் காட்டுவாங்க. 'இங்க உக்காந்து பாரு, எல்லாம் சிவப்பாகும், ஒண்ணு மட்டும் பச்சையா நிக்கும்'னு. சண்டைக் காலத்துல தூக்கிட்டு ஓடும்போது உதிர்ந்துபோச்சு. எந்த இதழ்னுகூட எனக்கு ஞாபகம் இல்லாம இருந்துச்சு. இதேதான், இதேதான்! எத்தனை பேர்கிட்ட காட்டினேன், எவனுக்கும் தெரியலையே!"

பட்டறையே வாய் பிளந்தது. தல்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பழசு எப்படி இருந்துச்சோ அப்படித்தானே வைக்கணும், அம்மா."

சொல்லிவிட்டுப் பான்சுலைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை.

'அது நான் வெச்சதுடா!' என்று கத்த வேண்டும்போல இருந்தது பான்சுலுக்கு. எப்படிக் கத்துவது? ஏன் வைத்தாய் என்று கேட்பார்களே! எரிச்சலில் செய்தது மாலையாகப் போய் அவன் கழுத்திலேயே விழுந்துவிட்டது. இருநூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு சிப்பி அரைக்கிறவன் இதே வயிற்றெரிச்சலில் இதே வேலையைச் செய்திருக்கிறான். அவனுக்கும் ஒரு மச்சினன் இருந்திருப்பான் போல. அவனுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

மறுவாரம் ஒரு சாதாரண அலமாரியில் பதிக்க நாற்பது தகடு எடுத்துக்கொண்டு பான்சுல் பட்டறைக்குப் போனார். கட்டை நீட்டினார். தல்சு வாங்கினான். அலமாரிப் பக்கம் திரும்பாமல் நேரே ஜன்னலுக்குப் போனான். நூலை அவிழ்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். வெளிச்சம் நல்லாயிருக்கு, ஒரு பார்வை பாத்துடறேன்."

முதல் தகட்டை எடுத்துச் சாய்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கீழே வைத்தான். இரண்டாவதை எடுத்தான். முப்பது வருடம் இந்த மனிதன் பான்சுலின் கட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை. ஊரில் எந்த அரைப்பவனுக்கும் எந்தப் பதிப்புக்காரனும் கொடுக்காத மரியாதை அது. அதைத் திமிர் என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் வயிறெரிந்திருக்கிறார்.

"பாருங்க மாப்ளே, நல்லாப் பாருங்க" என்றார்.

போகலாம்தான். போகவில்லை. வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நின்று, தல்சு பார்த்து முடிக்கும்வரை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதும் சரியாக இருந்தன.