மருந்து இல்லாத பிரிவு

என் இடது மார்பில் இருந்த கட்டி சிறியதுதான், ஆரம்பக் கட்டம்தான் என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. சிறியதாம். அவர் மார்பிலா இருக்கிறது?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் ஓர் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டார். என் கட்டி எந்த வகையோ அந்த வகையை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் மருந்துகள் இருக்கின்றனவாம். வழக்கமாக ஆபரேஷனுக்குப் பிறகு கொடுப்பதை முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு நாள் கொடுத்தால் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் சேர்கிற எல்லோருக்கும் கிடையாது. சிலருக்கு ஆபரேஷன் வரை எதுவும் தர மாட்டார்கள். யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

"அதென்னங்க அப்படி?" என்றேன்.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானுங்கம்மா வித்தியாசம் தெரியும். உங்களுக்கு வரலைன்னாலும் ஆபரேஷனுக்கு அப்பறம் எல்லா மருந்தும் உண்டுங்க," என்றார்.

சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் மாமியாருக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. "பூக் கேக்கறதாட்டத்தான்," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் மருந்து உண்டு. பூசாரி எடுத்துப் பிரித்ததில் வெள்ளை வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில், ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொள்ள முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். "மருந்து இல்லாத பிரிவுங்க," என்றாள் போனில் பேசிய பெண். குரலில் அவ்வளவு பணிவு. கடைப்பெண் இன்னும் நாலைந்தை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். எதுவும் வேண்டாம் என்று எழுந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸில் ஏறுவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். வித்தியாசம் தெரிவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்.

மாமியார் அசரவில்லை. "அம்மன் பொய் சொல்லாது அம்மணி. ஆபரேஷன் நல்லபடியா ஆகும்னுதான் வெள்ளை குடுத்திருக்குது," என்றார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன்.

அதன்பிறகு நான் மனுஷியாகவே இல்லை. குளிக்கும்போது, சமைக்கும்போது, துணி மடிக்கும்போதுகூட கை அங்கேயே போயிற்று. வளர்ந்துவிட்டது என்று தோன்றும். இல்லை, அப்படியேதான் இருக்கிறது என்று தோன்றும். கணவர் ஏதாவது ஆறுதல் சொல்ல வந்தால் எரிந்து விழுந்தேன். நான் செத்துப்போவேன் என்று உள்ளே ஒரே நினைப்பு. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெண்கள் வார்டில் அடுத்த கட்டிலில் இருந்தவர் மதுக்கரைக்காரர், சர்ச் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். என் வயதுதான் இருக்கும். அவரும் அதே ஆராய்ச்சியில் இருந்தார். அவருக்கு மருந்து கிடைத்திருந்தது. சாப்பிட்டீங்களா, கூட யாருங்க இருக்காங்க என்றெல்லாம் விசாரித்தார். எனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் தன்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"சுருங்கிருச்சுங்களா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "கைக்கே ஆம்புடலீங்க," என்றார், ஏதோ திருடிவிட்டவர் மாதிரி.

"தொட்டுப் பாக்கலாமுங்களா?"

திரையை இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தார். தடவினேன். அழுத்தினேன். எங்கேயும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் திரும்பத் திரும்பத் தேடினேன். அவர் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுதுங்க?" என்றார் மெல்ல.

அவர் கையை எடுத்து என் மார்பில் வைத்தேன். அவர் தேட வேண்டியிருக்கவில்லை.