என் மகள் பாஸான கதை

கடலூர் முதுநகரில் நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்த டீச்சரிடம் கொண்டுபோய் விட்டால் அம்மிக்கல்கூடப் பாஸாகிவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போனவள் நான். அந்தத் திமிர்தான் என் மகளின் இரண்டு வருடத்தைத் தின்றது. யாரும் என்மேல் இந்தப் பழியைப் போடவில்லை, நானே சொல்கிறேன்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருவாள். "காரியக்காரிடி இவ" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். குழந்தை டாக்டர் சிரிக்கவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், ஆறு வயதுக்குள் செய்வதெல்லாம் லாபம் என்று சொல்லி, சிதம்பரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

வாரத்தில் மூன்று நாள் காலையில் பாசஞ்சர் ரயிலில் போவோம். புதுச்சத்திரம் வருவதற்குள் ஜன்னல் கம்பியை நக்க ஆரம்பித்துவிடுவாள். "பாப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்பவர்களிடம் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் பார்த்துக்கொண்டே வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

அந்த மையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வெளியே உட்கார முடியாது. கூடவே தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி கொடுத்த மிஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவள். "நான் பாக்கறது வாரத்துல மூணு மணி நேரம். மத்த நேரமெல்லாம் நீங்கதான் மிஸ்ஸு" என்பாள். அவள் சொல்லித்தந்ததில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பத்தாவது மாதம் ஒரு நாள், சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும், என் மகள் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிக்கொள்ளச் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் கேட்ட முதல் விஷயம் அது. நடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு மிஸ் பிரசவத்துக்கு லீவில் போனாள். அடுத்த மாதம் ரிவ்யூ, வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார் என்றார்கள். எனக்கு அது பரீட்சையாகத்தான் பட்டது. பரீட்சை என்று வந்துவிட்டால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன தடவை ரிவ்யூ முடித்த ஒரு பையனின் அம்மாவைப் பிடித்து, என்னென்ன கேட்டார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஓட்டைப் பலகையில் குச்சி செருகச் சொல்வார்கள், நிறம் எடுக்கச் சொல்வார்கள், கண் மூக்கு காது காட்டச் சொல்வார்கள். அதே மாதிரிப் பலகையை வாங்கி வந்து, டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, மூன்று வாரம் உட்காரவைத்தேன். அடித்தேன். கன்னத்தில் என் விரல் பதிந்த நாளும் உண்டு. கையைத் தூக்கிக்கொண்டு வருவாள். "மொதல்ல மூக்க காட்டு, அப்பறம் தூக்கறேன்" என்பேன். மூன்றாவது வாரம் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். அதை நான் கவனிக்காமல் இல்லை. பரீட்சை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரிவ்யூவில் எல்லாவற்றையும் செய்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வந்தவர் அசந்துபோனார். "நல்லா பிக்கப் ஆயிட்டாம்மா. சாதாரண ஸ்கூல்லயே போடுங்க. இந்த எடத்துக்கு வெளிய நெறைய பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "பாஸுங்க" என்று கத்தினேன். முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்த அம்மாக்களுக்கு மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தந்தால் எல்லாம் வரும் என்று புத்திமதி வேறு.

எல்கேஜியில் மூன்றாவது வாரமே கூப்பிட்டு அனுப்பினார்கள். நாள் முழுக்க பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கிறாள், பக்கத்துப் பிள்ளைகளின் முடியைப் பிடித்து இழுக்கிறாள் என்றார்கள். அடுத்த பள்ளியிலும் அதே கதை. அதற்கடுத்த பள்ளியில் ஒரு மாதம்கூட ஓடவில்லை. "சிதம்பரம் போயி உள்ளத சொல்லு. என்ன, தலையவா எடுத்துடுவாங்க?" என்றார் வீட்டுக்காரர். நான் போகவில்லை. மைசூர்பாக் கொடுத்த வாயால் எப்படிச் சொல்வது? வெறும் வெட்கம்தான், வேறு காரணம் எதுவும் கிடையாது. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கடைசியில் போனபோது மகளுக்கு ஆறு வயதாக இரண்டு மாதம் இருந்தது. லீவு முடிந்து வந்த அதே மிஸ்தான் பார்த்தாள். பலகையைக் கொடுத்ததும் மகள் மளமளவென்று குச்சிகளைச் செருகினாள். பிறகு மிஸ் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவளால எது முடியலன்னு பாக்கத்தாம்மா அந்த ரிவ்யூவே. முடியாததுக்குத்தான இந்த எடம்?" என்றாள். ஆறு வயதுக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடலூரிலேயே ஒரு சிறப்புப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்து, "இப்பவும் கத்துக்குவா, டைம்தான் ஜாஸ்தி ஆவும்" என்றாள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நான்கு வார்த்தை பேசுகிறாள். அவற்றில் அம்மா இல்லை.

புதிதாக வரும் அம்மாக்களோடு வந்து உட்கார்ந்து பேசச் சொல்லி மிஸ் கேட்டதால், மாதம் ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு அந்த மையத்துக்குப் போகிறேன். போன மாதம் லால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வயதுப் பையன், கணவர் துபாயில். அவனுக்கு மறுவாரம் ரிவ்யூ. "என்னென்ன கேப்பாங்கன்னு சொல்லுங்கக்கா, வீட்ல சொல்லித்தந்துகிட்டு இருக்கேன்" என்றாள். கேள்விகளைச் சொல்லாமல் என் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். அருகில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த என் மகளை ஒருமுறை பார்த்தாள். "சரிக்கா" என்று எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். "இந்தக்காவுக்குத் தெரியுங்க, சொல்ல மாட்டேங்குறாங்க. அவுங்க பொண்ணுக்கு வரல, நம்ம புள்ளைக்கும் வரக்கூடாதுன்னு நெனக்கிறாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் பேசாமல் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. என் சர்வீஸில் பிட் அடித்த பிள்ளையைக்கூட நான் காட்டிக்கொடுத்ததில்லை. அன்று எழுந்து உள்ளே போய், அந்தப் பையனுக்கு வீட்டில் சொல்லித்தருகிறார்கள், ரிவ்யூவுக்கு வருகிறவரிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். திரும்பும்போது ரயிலில், அந்தப் பிள்ளை பெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.