x-க்கு ஒன்று போடுங்கள் என்றால்

கணக்கு டியூஷன் எடுப்பவரை யாரும் முதல் நாளே நம்பிவிடுவதில்லை. அதிலும் ஓசூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு டிப்ளமோ அரியருக்குப் படிக்க வருகிறவர்கள், போர்டில் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் கம்பெனியில் ரிஜக்ட் பீஸைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டியிருந்தால் அந்தப் பார்வை தெரிந்திருக்கும்.

யாரைக் கேட்டு?

முனிராஜ் பக்கத்தில் பேரிகை என்ற ஊரிலிருந்து வருபவர். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். அன்று 2x² + 3x + 4 என்பதை A(x − 1)² + B(x − 1) + C என்று மாற்றி எழுத வேண்டும். "x-க்கு ஒன்று போடுங்க. அடைப்புக்குறி ரெண்டும் பூஜ்யமாயிடும். C ஒன்பது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒன்னுன்னு கொஸ்டின்ல இல்லையே மேடம்?"

இரண்டு பக்கமும் ஒரே கோவைதான், எந்த எண்ணைப் போட்டாலும் சமமாகத்தான் இருக்கும், வேலை சுலபமாகட்டும் என்றுதான் ஒன்று என்றேன். கெழுக்களை ஒப்பிட்டு A இரண்டு, B ஏழு என்று முடித்தும் காட்டினேன். அவர் விடவில்லை. ஐந்து போட்டார், பத்து போட்டார், மைனஸ் மூன்றும் போட்டார். எல்லாம் ஒத்துப்போக ஒத்துப்போக முகம் இன்னும் இறுகியது. "எதப் போட்டாலும் சரியா வருதுன்னா, எங்கயோ ஏமாத்து இருக்குது மேடம்."

அந்த C

என்னிடம் படிக்கும் வெங்கடேஷின் போனில் கூடப் படிக்கும் நண்பர் செய்தி அனுப்பியிருக்கிறார்: "C கிடைச்சிருச்சு. A, B சிக்கல. சாயங்காலம் கண்டிப்பா வா." அதைப் படித்த அவர் மனைவி மஞ்சுளா, A, B, C எல்லாம் பெண்கள் பெயரின் முதலெழுத்து என்று முடிவுகட்டிவிட்டார். மறுநாள் கணவரோடு வண்டியிலேயே வந்து இறங்கி, கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போர்டுக்கு வந்த வெங்கடேஷ் B-யை இரண்டு முறை தப்பாகப் போட்டு, சட்டை நனைய நின்றார். வகுப்பு முடிந்ததும் மஞ்சுளா என்னிடம் வந்தார். "பொய் சொல்றவரு இவ்ளோ கஷ்டப்பட மாட்டாருங்க மேடம், கணக்குதான்."

முதல் பெஞ்ச்

சுமதிக்கு இந்தப் பேப்பர் பாஸானால்தான் லைன் சூப்பர்வைசர் வேலை. ஆனால் கல்லூரித் தேர்வில் அவர் விடைத்தாளை விரிவுரையாளர் நிறுத்திவைத்துவிட்டார். வகுப்பே கெழுக்களை ஒப்பிட்டிருக்க, இவர் மட்டும் மதிப்புகளைப் பிரதியிட்டிருந்தார். விடை சரி, வழி வேறு. பிட்டைப் பார்த்து எழுதினார் என்று சந்தேகம். சுமதி அழுதுகொண்டே போன் செய்ய, நானும் கூடப் போனேன்.

விரிவுரையாளர் என்னையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் புதுக் கணக்கு கொடுத்தார்: 3x² − 5x + 1, இந்தத் தடவை (x − 2)-இல். சுமதி x-க்கு இரண்டு போட்டு C மூன்று என்றார். அடுத்து x-க்கு மூன்றும் ஒன்றும் போட்டபோது ஒரு குறியை மாற்றி எழுதிவிட்டார். அவரே கெழுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, அழித்து, A மூன்று, B ஏழு என்று திருத்தினார். விரிவுரையாளர் விடைத்தாளை எடுத்து மார்க் போட்டார். "பாஸ்தாம்மா, ஆனா அடுத்த பரீட்சைக்கு முதல் பெஞ்சுல உக்காருங்க."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, என்னை நம்பாதவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பாஸாகிவிடுகிறார்கள், நம்பித் தலையாட்டியவர்கள்தான் அடுத்த செமஸ்டருக்கும் என்னிடமே வருகிறார்கள்.