கிரிஃபித் குன்றில் லியாண்ட்ரோ

லியாண்ட்ரோ ஒச்சோவா பஸ் டெப்போவில் மெக்கானிக். ஒரு நாள் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது டமால் டமால் என்று அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம். பூகம்பம் என்று பதறி உருண்டு வெளியே வந்திருக்கிறான். விண்வெளி ஓடம் பாலைவனத்தில் இறங்கப் போகிறது, அதன் சத்தம்தான் என்றார்களாம். அன்று பிடித்த பித்து கடைசிவரை தெளியவில்லை.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கும், பள்ளி பஸ் ஓட்டிய வெர்னாவுக்கும் அதே பித்து. ஓடம் தரையிறங்கும் நாளெல்லாம் அவன் வண்டியில் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவோம். அவன் மனைவி சொக்கோரோவுக்குப் புற்றுநோய் வந்தபின் அதெல்லாம் நின்றுபோனது. வருஷக்கணக்கில் அவளுக்குக் கஞ்சி ஊட்டி, பீ மூத்திரம் அள்ளினான். அவள் போய்ச் சேர்ந்தபோது ஓடங்களும் பறப்பதை நிறுத்தியிருந்தன.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. ஓய்வுபெற்ற எண்டெவர் ஓடத்தை ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி, எங்கள் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிக் காட்டிவிட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள்.

செப்டம்பர் வெயிலில் கிரிஃபித் குன்று முழுக்கத் தலைகள். வெர்னா காதில் ரேடியோவை வைத்திருந்தாள்.

"வடக்கே மூடுபனியாம். ஒரு மணி நேரம் தள்ளிப்போச்சு."

லியாண்ட்ரோ நெஞ்சைத் தடவினான். முகமெல்லாம் வேர்வை.

"என்னய்யா?"

"காலையில தின்ன சோரிசோ கரிக்குது."

"நிழலுக்கு வா."

"இந்த இடத்த விட்டா வேற எவனாவது புடிச்சுக்குவான். போய்யா, நீயும் உன் நிழலும்!"

"பிடிவாதக் கழுதை," என்றாள் வெர்னா. சிரித்தான்.

தூரத்தில் புள்ளி தெரிந்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது. என் தோளைப் பிடித்திருந்த அவன் கை நழுவியது. மரம் சாய்வதுபோல் சாய்ந்தான்.

மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினேன். "யாராவது வாங்களேன்!" என்று வெர்னா அலறினாள். சுற்றிலும் கால்கள்தான், முகங்களெல்லாம் வானத்தில். இரைச்சல் தலைக்கு மேலே வந்தது, நிழல் ஒன்று எங்களைக் கடந்தது. நான் நிமிரவில்லை. அது போன பிறகுதான் ஒரு நர்ஸ் பெண் ஓடிவந்தாள். குன்றுப் பாதை முழுக்க கார்கள். ஆம்புலன்ஸை அடியிலேயே விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைச் சுமந்துகொண்டு ஏறி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மகள் மரிபெல் கேட்டாள்: "பாத்தாரா அங்கிள்?"

"இல்லம்மா. வர்றதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்."

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அக்டோபரில் அந்த ஓடத்தை அருங்காட்சியகத்துக்குத் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். வெர்னா கூப்பிட்டும் நான் போகவில்லை. மரிபெல் தன் குழந்தைகளோடு நடைபாதையில் நின்று பார்த்தாளாம். மறுநாள் போனில் சொன்னாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல அங்கிள். அழுக்கா, அடியெல்லாம் கருகிக் கெடந்துச்சு," என்றாள். பிறகு, "அப்பாவோட வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.