அந்தப் பக்கத்துச் சத்தம்

போன வாரம் என் மகள் புதுப் போன் வாங்கிவந்து, "பக்கத்துல மிக்சி ஓடுனாலும் இதுல நாம பேசுதது மட்டுந்தான் கேக்கும்ப்பா" என்று பீற்றிக்கொண்டாள். நான் எழுந்து போய்விட்டேன். போனில் இரைச்சல் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முகம் சுருங்கிவிடும். வீட்டில் காரணம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லலாம்.

மேலப்பாளையத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த காலம் அது. வருகிற போன்களில் பாதி புகையிலை வாசம் அடிக்கும். பீடி சுற்றும் கையோடு எடுத்துப் பேசுவார்கள். மைக் ஓட்டையில் தூள் அடைத்துக்கொள்ளும். பிரஷ்ஷில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. இதற்கே என்னைக் கைராசிக்காரன் என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆமினாம்மா வந்தார். மகன் வளைகுடாவில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறானாம். அங்கே விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் பேசுவானாம். "எம் மவன் பேசுனா ஒரே இரைச்சலு தம்பி. என்னன்னு பாரு."

சுத்தம் செய்தேன். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக் காத்திருந்தோம். மகன் கூப்பிட்டான். அதே இரைச்சல். அப்படியென்றால் கோளாறு அந்தப் பக்கம். அதோடு வாயை மூடியிருக்கலாம். கடையில் நாலு பேர் நிற்கிறார்களே, என் சாமர்த்தியம் தெரிய வேண்டாமா? ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அண்ணே, அங்கன என்ன சத்தம்?"

"ஆபீஸ் ஏசி தம்பி."

"ஏசி இப்படி அதிராதுண்ணே. இது கல்லு உடைக்கித மிசின்லா?"

மறுமுனையில் மெஷின் மட்டும் ஓடியது. நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். ஆமினாம்மா போனைப் பார்த்து, "வெள்ளிக்கிழமையுமா வேல பாக்குத வாப்பா?" என்றார். அவன் வைத்துவிட்டான்.

அதன்பின் அவன் கூப்பிடுவதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சேதி அனுப்பினான். ஆமினாம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வெள்ளிதோறும் என்னிடமே கொண்டுவருவார். "நல்லா இருக்கேன் உம்மா. வேலை ஜாஸ்தி." வாசித்துக் காட்டுவேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் இப்படிக் கூசிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒருநாள் போனை நீட்டி, "எம் புள்ளைக்கு எழுது தம்பி. அந்த இரைச்சலு உம்மாவுக்குத் தொந்தரவே இல்லன்னு எழுது" என்றார்.

எழுதினேன். அவன் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டும் விழுந்தன. நான் அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டு வரும்வரை அவன் கூப்பிடவில்லை.