விடுமுறை நாளில் வந்த மனு

என் மேசை இழுப்பறையில் ஒரு தேதி முத்திரை கிடக்கிறது. மரக் கைப்பிடி, அடியில் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று ரப்பர்ப் பட்டைகள், பக்கவாட்டில் அவற்றைத் திருப்பச் சின்னச் சக்கரங்கள். ஆண்டுப் பட்டையில் எண்கள் தீர்ந்துபோனதால் அலுவலகத்தில் கழித்துப் போட்ட சாமான். ஓய்வு பெற்ற அன்று சால்வையோடும் மிக்சர் பொட்டலத்தோடும் இதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "இந்தக் கருமம் எதுக்கு வீட்டுல?" என்று என் மனைவி இரண்டு தடவை குப்பையில் போடப் போனாள். இரண்டு தடவையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை.

திருச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வெளிநாட்டவர் கோப்புகளைப் பார்க்கும் பிரிவு எங்களுடையது. தபால் வாங்குவது என் வேலை: வருகிற மனுவில் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, கொண்டுவந்தவர் கையில் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். பிரிவுக்குக் கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. என்னைவிட ஆறு வயது இளையவர், தேர்வெழுதி நேராக மேலே வந்தவர். நானோ ஒவ்வொரு படியாக ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன் முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி, அன்றைய தேதியை ஒரு பழைய தாளில் குத்திப் பார்ப்பார். மாலையில் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். "கோயில் நடை சாத்துற மாதிரில்ல பண்றாங்க" என்று நான் முதுகுக்குப் பின்னால் கிண்டலடிப்பேன். அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சார், ஒருத்தர் வந்தது என்னிக்கோ அதுதான் தேதி. அதை மாத்துறதுக்கு நமக்கு யாரும் அதிகாரம் குடுக்கல."

பெரிய நீதிபதி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிரிவின் வேலை தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னதன் கனம் புரியும். உள்ளூர்க்காரன் ஒருவனை அடைத்து வைக்க வேண்டுமானால் வழக்கு வேண்டும், விசாரணை வேண்டும். வெளிநாட்டவர் என்றால் ஓர் ஆணை போதும். சிறப்பு முகாமில் அடைத்து வைக்கலாம், எத்தனை நாள் என்று சொல்ல வேண்டியதில்லை, பிறகு ஒரு நாள் விமானத்தில் ஏற்றிவிடலாம். இவ்வளவையும் ஒரு கையெழுத்து செய்துவிடும். அந்தக் கையெழுத்தை நிறுத்தி வைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நடைமுறை: அனுப்பப்பட இருப்பவரின் தரப்பிலிருந்து மனு வந்துவிட்டால், அதற்கு எழுத்தில் பதில் கொடுக்கும்வரை ஆளை அனுப்பக் கூடாது. மனு எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி என் முத்திரை. அவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு எங்கள் கட்டடத்தில் இருந்த வேலி அரை அங்குல ரப்பர்தான்.

ஓர் ஆண்டு அக்கரை நாட்டின் அமைச்சர் ஒருவர் நம் நாட்டுக்கு வந்து போனார். நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கே.கே. நகரில் என் வீட்டு மாடிக்கு மேலேதான் அங்கே போகும் விமானம் தினமும் பறக்கிறது. அங்கே சண்டை நடந்தபோது பத்து வயதில் படகேறி வந்த ஒருவர், பாலக்கரைப் பக்கம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். அமைச்சரின் வருகையைக் கண்டித்து நடந்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினார். அதற்காக வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சிறை வாசலைத் தாண்டும் முன்பே ஓர் ஆணை வந்து அவரை முகாமுக்குக் கொண்டுபோயிற்று. பிறகு மேலிருந்து ஒரு பட்டியல் வந்தது. இரண்டு அரசாங்கங்களும் நெருங்கி வருகிற நேரம், நல்லெண்ணத்தைக் காட்டச் சிலரைத் திருப்பி அனுப்புவதாம். சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது தட்டில் பழம் எடுத்துப் போவதைப் போல மனிதர்களை எடுத்துப் போனார்கள். அந்தப் பட்டியலில் பெயின்டரின் பெயரும் இருந்தது.

வைகுண்ட ஏகாதசி அன்று எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. காவிரிப் பாலம் முழுக்கத் தலைகள், ஸ்ரீரங்கத்துக்குள் ஈ நுழைய முடியாது. காலை ஒன்பது மணிக்கு எங்கள் பிரிவுக்கு மேலே இருந்த அதிகாரி என்னைப் போனில் கூப்பிட்டார்: "உடனே வாங்க, அவசர வேலை." போனேன். அனுப்பும் ஆணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை விமானத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டது. கண்காணிப்பாளரை அவர் கூப்பிடவில்லை. மாற்றுச் சாவியால் இழுப்பறையைத் திறந்து முத்திரையை என்னிடம் கொடுத்தார். ஆணையின் அலுவலக நகலில் ஏகாதசித் தேதியைக் குத்தினேன்.

பதினொரு மணி இருக்கும். அந்தப் பெயின்டரின் மனைவி மனுவோடு வந்து நின்றார். இடுப்பில் குழந்தை. வாயில் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். "அவரை அனுப்பிப் போடாதீங்க ஐயா. அங்க போனா உசிரோட விட மாட்டாங்க" என்றார். அழவில்லை. மனுவை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே நின்றார். நான் உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னிக்கு லீவுய்யா. லீவு நாள்ல எப்படித் தபால் வாங்குவீங்க? வேணும்னா நாளைத் தேதி போட்டு வாங்கிக்கங்க."

அந்த நொடியில் நான் கேட்டிருக்க வேண்டும். ஆளை அனுப்புவதற்குத் திறந்திருக்கிற அலுவலகம் மனு வாங்குவதற்கு மட்டும் எப்படி மூடியிருக்கும்? சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி. கேட்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பயம், பயம்தான், வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. சக்கரத்தில் பெருவிரலை வைத்து ஒரு நாள் முன்னால் தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். மனுவில் குத்தி, சீட்டிலும் குத்திக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, "இனிப் பயமில்லைதானே ஐயா?" என்றார். "போயிட்டு வாங்கம்மா" என்றேன். மாலையில் விமானம் போயிற்று. போய் இறங்கிய இடத்தில் பெயின்டரை யாரோ அழைத்துக்கொண்டு போனதாக ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளர் வந்ததும் முத்திரையை எடுத்தார். அவர் திருப்புவதற்கு முன்பே அதில் அன்றைய தேதி இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து நேராக வாசலுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். திரும்பி வந்து, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார். நடந்தாவது வந்திருப்பேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு கோப்பை எடுத்து, மனு முதல் நாளே வந்தது, அதைப் பெறாமல் ஆள் அனுப்பப்பட்டது விதிக்கு மாறானது என்று தன் கையால் குறிப்பெழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஒரு குறிப்புக்காக அவர்மேல் விசாரணை வந்தது. மேலதிகாரிமீது ஆதாரமில்லாமல் பழி போட்டாராம். அதற்குள் வாயில் பதிவேடு காணாமல் போயிருந்தது. பெயின்டரின் மனைவியை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை; சாட்சி என்று மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான். விசாரணை அறையில் கண்காணிப்பாளர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் எந்த நாள் வந்தார் என்று கேட்டார்கள். "நினைவில்லை" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவட்டத்தின் கடைக்கோடிக்கு அவரை மாற்றினார்கள், ஓய்வு பெறும்வரை விடியற்காலைப் பஸ் பிடித்துப் போய்வந்தார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கேசரி கிளறினார்கள். அதை விழுங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

போன வாரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கல்லூரி முடித்த வயது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. தாயின் அதே கண்கள். இடுப்பில் இருந்த குழந்தை இவள்தான். தாய் சென்ற ஆண்டு இறந்துவிட்டாராம். கண்காணிப்பாளரைத் தேடிப்பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கிறாள். "மேடம் சொன்னாங்க, 'நான் அன்னிக்கு அங்க இல்லம்மா. பார்த்தவர் கே.கே. நகர்ல இருக்கார். அவர்கிட்ட போய்க் கேளு'ன்னு." என்னைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான்கு வசவு சொல்லி அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்த ஒப்புகைச் சீட்டை எடுத்து நீட்டினாள். மை வெளிறியிருந்தது, ஆனால் தேதி தெளிவாகத் தெரிந்தது. "அப்பா போன மறுநாள் தேதி சார் இது. அகதி முகாம்ல இருக்கிற அப்பா வீட்டு ஆளுங்க எல்லாரும் அம்மாவைத்தான் திட்டுவாங்க. லேட்டாப் போய்க் குடுத்துட்டா, தூங்கிட்டு இருந்தாள்னு. அம்மா மொதல்ல எல்லாம் சண்டை போடுவாங்க. அப்புறம் அவங்களே, நான்தான் நாள் மறந்து போயிட்டேனோன்னு புலம்ப ஆரம்பிச்சிட்டாங்க. நானும் கோவத்துல ஒரு தடவை கேட்டுட்டேன் சார், ஒரு நாள் முன்னாடி போயிருக்கக் கூடாதான்னு."

ஒரு மனிதரை அனுப்பத் துணை போனேன் என்றுதான் இத்தனை நாளும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தாயைச் சொந்த மகளிடமே குற்றவாளியாக்கியதும் என் பெருவிரல்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "அம்மா ஏகாதசி அன்னிக்கே வந்தாங்கம்மா" என்றேன். "காலைல பதினொரு மணிக்கு. நீ அவங்க இடுப்புல இருந்த. தேதியை மாத்தினது நான்."

அவள் சீட்டை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தாள். "அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோர்ட்டில் கொடுக்க எழுதித் தருவீர்களா என்று கேட்டாள்.

உட்கார்ந்து எழுதினேன். ஏகாதசி, மாற்றுச் சாவி, அதிகாரி சொன்னது, விசாரணையில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். பேனா தேடித் திறந்த இழுப்பறை திறந்தபடியே கிடந்தது, உள்ளே அந்த முத்திரை. அதன் பட்டையில் இந்த ஆண்டே கிடையாது. பழைய புத்தி, தலை நிமிராமலே கேட்டுவிட்டேன்: "தேதி என்னம்மா போடட்டும்?"

"இன்னிக்குத் தேதிதான் சார்," என்றாள். "இன்னிக்குத்தானே சொல்றீங்க."